கேட்கப் பழகுதல்

"கோச்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் முதன்முதலாக உச்சரித்தவர் என் மச்சாள். அதனை முதன்முதலாகப் பிழையாக விளங்கிக்கொண்டவர் அம்மம்மா. கொழும்பிலே ஒரு தனியார் கம்பனியின் மனிதவளப் பிரிவில் கடமையாற்றும் மாமாவின் மூத்த மகள், தாம் "கோச்" ஆவதற்குப் படிக்கத் தொடங்கியுள்ளதாகத் தொலைபேசியில் அறிவித்தபோது, "உவள் ஏன் நல்ல உத்தியோகத்தை விட்டிட்டுக் கோச்சியில வேலைக்குப் போறாள்?" என்று அம்மம்மா மிகுந்த கவலையோடு வினவினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே கோச்சி என்பது புகையிரதம் என்பதனை இங்கு விளக்கவேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பின்னர் ஒருநாள் நூலகத்திலே ஆங்கில அகராதியொன்றைப் புரட்டியபோதுதான் அம்மம்மா அவ்வளவு பெரிய பிழையொன்றும் விட்டுவிடவில்லை என்பது தெரியவந்தது. ஹங்கேரி நாட்டிலே கொச் என்றொரு கிராமம் உண்டு. அங்கு செய்யப்பட்ட குதிரை வண்டிகள் ஐரோப்பா எங்கும் பெயர்பெற, ஊரின் பெயரே வண்டிக்கும் ஆகிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாணவனைப் பரீட்சையின் அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் தனியாசிரியரை ஒக்ஸ்போர்ட் மாணவர்கள் பகிடியாக இவ்வண்டிப் பெயரால் அழைக்கலாயினர். அங்கிருந்து அச்சொல் விளையாட்டு மைதானத்துக்கும், கடந்த நூற்றாண்டின் கடைக்கூறிலே கம்பனிகளின் குளிரூட்டப்பட்ட அறைகளுக்கும் சென்று சேர்ந்தது. எனவே எங்கள் ஊர்க் கோச்சியும் மச்சாளின் கோச்சும் ஒரே கிராமத்தில் பிறந்தவையே.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் இல்லை. "பயிற்றுநர்" என்று சிலர் எழுதுகின்றனர். ஆயின் பயிற்றுதல் என்பது தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பித்தலாகும். மச்சாள் பயின்ற தொழிலோ கற்பிக்காதிருத்தலையே முதல் நிபந்தனையாகக் கொண்டது. எங்கள் பல்கலைக்கழகங்களிலே கட்டுரைகளின் இறுதியில் "உசாத்துணை" என்ற தலைப்பிட்டு நூற்பட்டியல் தருகின்றோம். உசாவுதல் என்பது வினவுதல், கலந்தாராய்தல் என்று பொருள்படும். மனத்திலுள்ளதை எடுத்துக் கூறி உசாவுதற்குத் துணையாக அமையும் ஒருவரை உசாத்துணை எனலாம் அல்லவா? நூற்பட்டியலிடமிருந்து அச்சொல்லை மீட்டெடுத்து இத்தொழிலாளருக்கு வழங்கலாம் என்பது என் விருப்பம். மச்சாளிடம் கூறியபோது, "விசிற்றிங் காட்டிலை அடிச்சால் ஆரும் நூல் விக்க வந்தவள் எண்டு நினைப்பினம்" என்றார். ஆகையால் இக்கட்டுரையில் கோச் என்றே எழுதுகின்றேன்.

இத்தொழிலின் வரலாறு சுவையானது. அமெரிக்கராகிய ரிமதி கல்வே, ஹாவார்ட் பல்கலைக்கழக ரெனிஸ் அணியின் தலைவராக விளங்கியவர். எழுபதுகளின் தொடக்கத்திலே கலிபோர்னியாவில் ரெனிஸ் பழக்கிக்கொண்டிருந்த வேளையில் அவர் ஒன்றைக் கவனித்தார். "மட்டையை இப்படிப் பிடி, தோளை அப்படித் திருப்பு" என்று தாம் அறிவுறுத்துந்தோறும் மாணவர்கள் தடுமாறினர்; தாம் வாய்மூடியிருந்து, பந்து எங்கே துள்ளுகிறது என்பதைப் பார்க்கும்படி மாத்திரம் கூறியபோது அவர்கள் தாமாகவே திருந்தினர். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்குள்ளும் ஓயாது கட்டளையிடுபவன் ஒருவனும் உண்மையிலே ஆடுபவன் ஒருவனுமாக இருவர் உளர் என்றும், முதலாமவனின் சத்தத்தைக் குறைப்பதே பழக்குபவரின் பணி என்றும் அவர் கண்டார். 1974இல் வெளிவந்த "ரெனிஸின் அகவிளையாட்டு" என்ற அவருடைய நூலை விளையாட்டு வீரர்களைக் காட்டிலும் முகாமையாளர்களே ஆவலோடு வாசித்தனர் போலும். 1965இல் ஐரோப்பிய மோட்டார்ப் பந்தய வெற்றியாளராக விளங்கிய ஜோன் விற்மோர் என்ற ஆங்கிலேயர் இக்கருத்தைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்று கம்பனிகளுக்கு ஏற்றவாறு வகுத்தார். இலக்கு யாது, இன்றைய நிலை யாது, உள்ள வழிகள் எவை, எதனைச் செய்யும் உறுதி உண்டு என்னும் நான்கு படிகளைக் கொண்ட உரையாடல் முறை, 1992இல் வெளியான அவரது நூலின் வழியாகவே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டில் தோமஸ் லெனாட் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் கோச்சுகளுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இன்று இத்தொழிலில் பெரும் செல்வாக்குடன் விளங்கும் சர்வதேச கோச்சிங் சம்மேளனம் 1995இல் அவர் முயற்சியால் தோன்றியதே.

இவ்வளவையும் நான் வாசித்தது ஆராய்ச்சி ஆர்வத்தினாலன்று. மச்சாளுக்கு நான் தேவைப்பட்டேன்.

அவர் பயின்ற காலத்து விதிகளின்படி, மேற்படி சம்மேளனத்தின் ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு 60 மணித்தியாலப் பாடநெறி வேண்டும். அதற்கு மேலாக மெய்யான மனிதர்களுடன் 100 மணித்தியாலம் உரையாடியிருத்தல் வேண்டும். அவர்கள் எட்டுப் பேருக்குக் குறையலாகாது. அவற்றுள் 75 மணித்தியாலம் கட்டணம் பெற்றவையாக இருத்தல் வேண்டும். இவை தவிர, மூத்த கோச் ஒருவரிடம் தம் உரையாடல்களை ஒப்புவித்துக் குறைநிறை கேட்கும் 10 மணித்தியாலம் மூன்று மாதங்களுக்குக் குறையாத காலத்திற் பரந்திருத்தல் வேண்டும். அடுத்த நிலைக்கு 500 மணித்தியாலம், உச்சநிலைக்கு 2500 மணித்தியாலம். பெற்ற சான்றிதழும் மூன்றாண்டுக்கொருமுறை மேலும் கற்று, புதுப்பிக்கப்படல் வேண்டும். எண்பது வீத வரவுக்கு மேல் எதனையும் எவரிடமும் கேட்டறியாத எங்களைப் போன்றோருக்கு இக்கணக்கு வியப்பளிக்கும்.

நான் அவருடைய மூன்றாவது துணைநாடியானேன். கட்டணம் ஓர் அமர்வுக்கு நூறு ரூபா. எவ்வளவு சிறிய தொகையாயினும் கட்டணம் கட்டணமே என்பது மச்சாளின் விளக்கம். சனிக்கிழமை மாலைகளில், விடுதி மேல்மாடியின் ஒதுக்குப்புறமொன்றில், அந்தனை மலையிலிருந்து இறங்கும் மழையின் இரைச்சலுக்கிடையே, கைத்தொலைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்து உரையாடுவோம்.

உரையாடுவதற்கு என்னிடம் பொருள் இருந்தது. நான் முதலாம் ஆண்டின் இறுதியை அடைந்திருந்த வேளையில் அப்பா பாரிசவாதத்தினால் விழுந்தார். கொடிகாமத்திலிருந்த எங்கள் சிறு கடை மூடப்பட்டது. வலது கை வழங்கவில்லை, பேச்சுக் குழறியது. மெய்யியலைச் சிறப்புக் கற்கையாகத் தெரிந்து நான்காண்டு படிப்பதா, பொதுப்பட்டத்தோடு மூன்றாண்டில் வெளியேறி உழைக்கத் தொடங்குவதா என்பதனை அந்த மாத முடிவுக்குள் நான் தீர்மானிக்கவேண்டியிருந்தது. அறிவுரைக்குக் குறைவில்லை. பெரியப்பா பொதுப்பட்டம் என்றார். கனடாவிலிருந்து சின்னம்மா படிப்பையே விட்டுவிட்டு வரும்படி சொன்னார். அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற அதிபர் மெய்யியல் படித்து எவர் உருப்பட்டார் என்று கேட்டார். இவர்களுள் எவரும் என்மீது அன்பில்லாதவரல்லர் என்பதே துயரம்.

முதலாவது அமர்வு தொடங்கி ஏழு நிமிடங்கள் கடக்கவில்லை. மச்சாள், "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், ஸ்பெஷல்தான் செய்யவேணும், காசை நாங்கள் பார்ப்பம்" என்று கூறிவிட்டார். எஞ்சிய நேரமெல்லாம் தாம் கொழும்புக்கு வந்த புதிதிற் பட்ட பாடுகளை எடுத்துரைத்தார். எனக்கு ஆறுதலாகவே இருந்தது. ஆனால் அந்த உரையாடல், என் சம்மதத்துடன், ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தது. அது அவருடைய மூத்த வழிகாட்டியிடம் சென்றது. அவ்வம்மையார் செய்தது ஒன்றேதான்: யார் எத்தனை நிமிடம் பேசினர் என்று கணக்கிட்டார். நாற்பத்திரண்டு நிமிடங்களில் மச்சாள் பேசியவை இருபத்தாறு.

இந்த ஒலிப்பதிவு முறை பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். கோச்சிங் பள்ளிகள் இதனைத் தம் கண்டுபிடிப்புப் போலக் காட்டிக்கொள்ளினும், இதன் மூலவர் உளவியலாளர் கால் ரோஜர்ஸ் ஆவார். அறிவுரை கூறாது, செவிமடுத்து, கூறியவற்றை அவருக்கே தெளிவாக்கிக் காட்டும் உளவளத்துணை முறையை வகுத்த அவர், 1942இல் வெளியிட்ட தமது நூலில் ஒரு துணைநாடியுடனான அமர்வுகள் முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி அச்சிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் நிகழ்ந்தது யாது என்பதை அங்கிருந்தவரின் நினைவைக் கொண்டே அறியவேண்டியிருந்தது. நினைவோ எப்போதும் பேசியவருக்குச் சார்பாகவே சாட்சி சொல்லும். மச்சாள் தாம் அன்று "நன்றாகக் கேட்டதாகவே" நம்பியிருந்தார். ஒலிப்பதிவு அந்நம்பிக்கையைக் கலைத்தது. தம்முடைய குரலைத் தாமே கேட்ட அன்றிரவு அவர் உறங்கவில்லையாம். ஆசிரியப் பயிற்சியிலும், ஏன், எங்கள் விரிவுரை மண்டபங்களிலும் இதனைப் புகுத்தினால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை இம்மலரில் விரிக்கத் துணிவில்லை.

அடுத்த அமர்வுகளில் மச்சாள் மௌனம் பழகினார். முதலிலே அது செயற்கையாக இருந்தது. நான் ஒரு வாக்கியத்தை முடித்ததும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மனத்துக்குள் எண்ணுவது திரையிலே தெரிந்தது. "நீர் சொன்னதிலை 'எல்லாரும்' எண்டு ஒரு சொல் வந்தது. அதிலை ஆர் ஆர் அடக்கம்?" என்று ஒருமுறை கேட்டார். மறுமொழி கூற முயன்றபோது அந்த "எல்லாரும்" என்பது பெரியப்பா ஒருவரே என்பதை உணர்ந்து நானே திகைத்தேன். ஐந்தாம் அமர்வில் ஏறத்தாழ ஒரு நிமிடம் இருவரும் பேசாதிருந்தோம், மழை பெய்தது, எனக்கு அழுகை வந்தது. முன்னைய மச்சாளாயின் "அழாதையும்" என்றிருப்பார். இப்போது அவர் காத்திருந்தார்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. அழுகை வருவதெல்லாம் கோச்சின் ஆட்சிக்குட்பட்டதன்று. துணைநாடியின் துயரம் உழைப்பையும் இலக்கையும் கடந்து நோயின் பக்கம் சாயுமாயின், அதனை இனங்கண்டு உளமருத்துவரிடமோ உளவளத்துணையாளரிடமோ ஆற்றுப்படுத்தத் தெரிதலும் பயிற்சியின் பகுதியாகும். வடக்குக் கிழக்கிலிருந்து வந்து கொழும்பிலே பணிபுரியும் ஒருவர், வேலைப்பளு என்று தொடங்கி, காணாமற்போன தமையனிடம் வந்து நிற்பது அரிதன்று என்று மச்சாள் கூறினார். மேனாட்டுப் பாடநூல்கள் இதற்கு ஒரு பந்தியை ஒதுக்குகின்றன. எங்களுக்கு அது போதாது.

இனி எனக்குள்ள கருத்து வேறுபாட்டைச் சொல்லவேண்டும். ஆறாம் அமர்வில் மச்சாள், "அப்பாவிட்டை இதைக் கேட்டனீரோ?" என்று கேட்டார். நான் வாயடைத்துப்போனேன். கேட்கவில்லை. நான் மாத்திரமன்றி, எவருமே கேட்கவில்லை. குழறிய பேச்சோடு படுத்திருந்த மனிதரைச் சுற்றி அமர்ந்து, அவருடைய மகளின் எதிர்காலத்தை மற்றெல்லோரும் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். நான் அடுத்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் புறப்பட்டேன்.

ஆனால் அந்தக் கேள்விக்கு வழிகாட்டி அம்மையார் புள்ளி குறைத்தார். "ஆம்", "இல்லை" என்று மூடிவிடும் வினா அது. வினாவின் வேடமிட்ட அறிவுரை அது. துணைநாடி தாமாகக் கண்டடைய வேண்டியதைக் கோச் கையிலே கொடுத்துவிட்டார் என்பது அவர் தீர்ப்பு. இலக்கணப்படி அது சரியே. மெய்யியல் மாணவி என்ற முறையிலே நானும் இதே குற்றத்தைப் பிளேட்டோவின் "மெனோ" உரையாடலிலே கண்டிருக்கின்றேன்: அடிமைச் சிறுவன் கேத்திரகணித உண்மையைத் தானே நினைவுகூர்ந்தான் என்று சோக்கிரதர் சொல்கிறார், அவர் கேட்ட வினாக்களைப் பார்த்தாலோ விடையின் பாதி அவற்றுள்ளேயே இருக்கும். ஆயினும் என் வாழ்க்கையிலே அந்த ஆறு வாரங்களில் பயன் தந்த வினா அந்தப் பிழையான வினாவே. மச்சாள் அதனை ஒரு கோச்சாக இருந்து கேட்கவில்லை. என் அப்பாவை அறிந்த ஒருவராக இருந்து கேட்டார். உறவினருடன் பழகிக் கற்பதைப் பள்ளிகள் விரும்பாமைக்குக் காரணம் இதுவாகலாம். அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. எனினும் விதியை முதலிற் கற்று, நான்கு அமர்வுகள் வாய்மூடியிருந்து, அதன்பின் ஒருமுறை விதியை மீறியதனாலேயே அந்த வினா என்னைத் தைத்தது என்றும் தோன்றுகிறது. முதலாம் அமர்வில் அதே வினா வந்திருப்பின் இருபத்தாறு நிமிடப் பேச்சுக்குள் அது அமிழ்ந்துபோயிருக்கும்.

பயிற்சி முடிந்தபின் மச்சாளுக்குக் கிடைத்த முதலாவது கம்பனிப் பணி வேறொரு பாடத்தைக் கற்பித்தது. கம்பனியொன்று தன் இளநிலை முகாமையாளர் ஒருவருக்குக் கோச்சாக அவரை அமர்த்தியது. பணம் கொடுப்பது கம்பனி. மனம் திறப்பது ஊழியர். இந்த முக்கோணமே வணிகக் கோச்சிங்கின் உள்முரண்பாடு எனலாம். யாருக்கு எது தெரிவிக்கப்படும் என்பதனை மூவரும் முதலிலேயே உடன்பட்டு எழுதிக்கொள்ளவேண்டும் என்று பயிற்சியிலே கற்பிக்கின்றனர், எழுதியும் கொண்டனர். நான்காம் வாரத்தில் பணிப்பாளர் ஒருவர் தேநீருக்கு அழைத்து, "அந்தப் பிள்ளை வேலையை விடுற எண்ணத்திலை இருக்கிறாரோ?" என்று வெகு சாதாரணமாக விசாரித்தார். அதனை அவரிடமே கேட்கும்படி மச்சாள் பணிவாகக் கூறினார். அக்கம்பனியிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை.

தொழிலாளியின் மனத்தையும் உற்பத்திக் கருவியாக்கும் தந்திரமே இது என்று என் நண்பர் ஒருவர் வாதிடுவார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. குறைந்த ஊதியத்தையும் மிகுந்த நேரத்தையும் மாற்றாமல், அவற்றைத் தாங்கும் மனப்பான்மையை மாத்திரம் மாற்றுவதற்கு இக்கலை பயன்படுமாயின் அதனைக் கண்டிக்கவே வேண்டும். ஆயின் பணிப்பாளரின் தேநீர் மேசையிலே வாயைத் திறக்காதிருக்கும் வலிமையையும் அதே பயிற்சிதான் மச்சாளுக்குக் கொடுத்தது. நண்பர் இதற்கு இன்னும் மறுமொழி கூறவில்லை.

வேறொரு தரப்பும் உண்டு. இத்தொழிலுக்குப் பெரும்பாலான நாடுகளிலே சட்டபூர்வமான அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. வைத்தியர் என்றோ சட்டத்தரணி என்றோ பெயர்ப்பலகை தொங்கவிட்டால் விசாரணை வரும். கோச் என்று தொங்கவிட்டால் வாழ்த்து வரும். வார இறுதி ஒன்றிலே ஒரு விடுதி மண்டபத்தில் கைதட்டிப் பாட்டுப்பாடி, திங்கட்கிழமை சான்றிதழோடு வெளியேறுவோரை நாம் காண்கின்றோம். மச்சாளே முதலில் அத்தகைய நிறுவனமொன்றுக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஏமாந்தவர். அங்கு மேடையில் நின்றவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டேயிருந்தார் என்பார். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததன் பின்னர் டொலரிற் கட்டணம் அறவிடும் முறையான பாடநெறிகள் எங்களவருக்கு எட்டாக்கனியாகிவருவதும் இத்தகையோருக்கே வாய்ப்பாகின்றது. பிரித்தானியாவிலே கோச்சுகள் அனுபவம் பெற்றபின்னும் தம் பணியைப் பிறர்முன் வைத்து ஆராயும் வழக்கம் வேரூன்றியுள்ளது. பீற்றர் ஹோக்கின்ஸ், றொபின் ஷோஹெற் என்பார் 1989இல் எழுதிய நூல் அதற்கு ஒரு வழிகாட்டியாக அமைந்தது. அதனை "மேற்பார்வை" என்று தமிழ்ப்படுத்தினால் எங்கள் காதில் கங்காணியின் பிரம்பொலியே விழும். மெய்யில் அது தொழிலாளி தன் களைப்பையும் தடுமாற்றத்தையும் இறக்கிவைக்கும் சுமைதாங்கி போன்றது. அப்படியொன்று தமிழிலே நடைபெற வேண்டுமாயின் தமிழிலே கேட்கத் தெரிந்த மூத்தவர்கள் வேண்டும். மச்சாளின் வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் ஒலிப்பதிவுகளை மச்சாள் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தே ஒப்புவித்தார். "நீர்" என்று அவர் என்னை விளித்ததும், அழுத அன்று அது "நீ" என்று மாறியதும் அந்த எழுத்திலே காணாமற் போயின.

பொல்காவலையிலே யாழ்ப்பாணக் கோச்சியைப் பிடித்துக் கொடிகாமத்தில் இறங்கினேன். அன்று மாலை அப்பாவின் கட்டிலருகே அமர்ந்து, நான் என்ன படிக்கவேண்டும் என்று நினைக்கின்றார் எனக் கேட்டேன். அவர் நெடுநேரம் முயன்று ஒரு கேள்வியையே திருப்பிக் கேட்டார்: "மெய்யியல் எண்டால் என்ன?" ஓராண்டு படித்தும் அதனை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தொடங்கினேன். சோக்கிரதர் நஞ்சருந்திய கதை வரையில் அவர் விழித்திருந்தார். இடையிலே அம்மா விளக்கேற்றிச் சென்றதும், பெரியப்பா வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பியதும் நினைவிலுள்ளன. மறுநாள் காலை, கடையின் திறப்பை அம்மாவிடம் கொடுத்து அதனை வாடகைக்கு விடும்படி அவர் இடக்கையாற் சைகை காட்டினார்.

நான் இப்போது சிறப்புக் கற்கையின் மூன்றாம் ஆண்டில் இருக்கின்றேன். மச்சாளின் நூறு மணித்தியாலக் கணக்கிலே என் பங்கு ஒன்பது மணித்தியாலம். அவர் அனுப்பிவைத்த பட்டியலில் ஆறாம் அமர்வுக்கு எதிரே திகதியும் நேரமும் கட்டணம் பெற்றமையும் மாத்திரமே பதியப்பட்டுள்ளன. கட்டணம் பெற்றமை என்பது பிழை. அன்று ஊருக்குப் போகும் அவசரத்தில் நான் அந்த நூறு ரூபாவைக் கொடுக்கவில்லை. அவரும் இன்றுவரை கேட்கவில்லை.